கேஜ் மாறும் ஊர்

சென்னையிலிருந்து பெங்களூர் போகிறவர்களுக்கு ஜோலார்பேட்டை தாண்டியதும் வண்டியின் நடை மாறுவது தெரியும். அதுவரை சமவெளியில் நேராக ஓடிவந்த வண்டி சோமநாயக்கன்பட்டி, பச்சூர் என்று வளைந்து வளைந்து ஏறத் தொடங்கும். ஜன்னல் காற்றில் சூடு குறையும். கடல்மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது ஜோலார்பேட்டை. பெங்களூர் 900 மீட்டரில். நடுவே குப்பம் வழியாக ஆந்திரத்தின் ஒரு மூலைக்குள் நுழைந்து, பங்காருப்பேட்டை, மாலூர் என்று கர்நாடகத்துக்குள் போகிறது பாதை. சுமார் 145 கிலோமீட்டரில் மூன்று மாநிலங்கள். 1864 ஆகஸ்ட் 1ஆம் தேதி இந்தப் பாதை திறக்கப்பட்டபோது இவற்றில் ஒன்றுகூடக் கிடையாது. ஒரு பக்கம் மதராஸ் மாகாணம், மறுபக்கம் மைசூர். மதராஸ் ரயில்வே கம்பெனி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுவரை தென்னிந்தியாவின் முதல் ரயிலை ஓட்டி அப்போது எட்டு வருடம்தான் ஆகியிருந்தது.

அன்று வண்டி வந்து நின்றது கன்டோன்மென்டில். கெம்பே கவுடா எழுப்பிய பேட்டை, அதாவது நெசவாளர்களும் வணிகர்களும் நெருங்கி வாழ்ந்த பழைய ஊர், அங்கிருந்து மேற்கே சில கிலோமீட்டர் தள்ளி இருந்தது. 1809இல் ஆங்கிலேயர் தங்கள் படைக்கென்று அல்சூர் ஏரிப் பக்கம் ஒரு தனி ஊரை உண்டாக்கியிருந்தார்கள். அந்த ஊருக்குத்தான் ரயில் வந்தது. படைவீரன், குதிரை, தளவாடம், தபால், அதிகாரிகளின் குடும்பங்கள் ஆகியவற்றை மதராஸிலிருந்து ஏற்றி இறக்கப் போட்ட பாதை அது. பேட்டை வணிகர் தம் சரக்கை மாட்டுவண்டியில் ஏற்றிக் கன்டோன்மென்டுக்குக் கொண்டுவர வேண்டும்.

படைக்காகப் போட்ட பாதையில் படை மட்டும் வரவில்லை. வடஆற்காட்டிலிருந்தும் செங்கல்பட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் ஏற்கெனவே சிப்பாய்களாக, சமையற்காரர்களாக, சலவைத் தொழிலாளிகளாக, குத்தகைதாரர்களாக வந்திருந்த தமிழர்களுக்கு இப்போது சொந்த ஊர் ஒரு நாள் பயணத்துக்குள் வந்துவிட்டது. போன மனிதன் திரும்பி வந்து தம்பியைக் கூட்டிக்கொண்டு போகலாம். பெண் கொடுக்கலாம், எடுக்கலாம். அல்சூரும் இன்றைய சிவாஜிநகரும் ரயிலடியைச் சுற்றியிருந்த தெருக்களும் தமிழ் பேசும் இடங்களாக நிலைபெற்றதில் இந்தப் பாதைக்குப் பெரிய பங்கு உண்டு. ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து வந்து வியாபாரத்தில் உயர்ந்த ஆற்காட்டு நாராயணசாமி முதலியார் 1873இல் கன்டோன்மென்டில் தொடங்கிய பள்ளி இன்று பல கல்வி நிலையங்களாக வளர்ந்திருக்கிறது. பெங்களூர்த் தமிழர் என்று இன்று நாம் சொல்லும் மக்கள் கூட்டத்தின் வரலாற்றை எழுதுகிறவர் யாராக இருந்தாலும் அந்த 1864ஆம் வருடத்தை விட்டுவிட்டு எழுத முடியாது.

இந்த ஊரின் ரயில் வரலாற்றைப் புரட்டும்போதெல்லாம் என் கண் போய் நிற்பது பாதைகள் ஒன்றோடொன்று சேராமல் விட்டுப்போன இடங்களில்தான். ஒரு பாதை முடிகிறது. அடுத்தது வேறு அகலத்தில், வேறு நிர்வாகத்தில், வேறு நோக்கத்தோடு தொடங்குகிறது. நடுவில் இருக்கும் அந்தக் கொஞ்ச தூரத்தை யார் கடக்கிறார்கள், எதைச் சுமந்து கடக்கிறார்கள் என்று பார்த்தால் பெங்களூரின் கதையில் பாதி தெரிந்துவிடுகிறது.

அந்த இடைவெளியின் கொடிய பக்கம் 1876இல் தொடங்கியது. தாது வருடப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் சொன்ன அதே பஞ்சம், மைசூரையும் அடியோடு சாய்த்தது. 1871 கணக்கெடுப்பில் சுமார் 50 லட்சமாக இருந்த மைசூரின் மக்கள்தொகை 1881இல் 42 லட்சத்துக்கும் கீழே இருந்தது. பத்து வருடத்தில் பெருகியிருக்க வேண்டிய மக்கள் எட்டு லட்சத்துக்கும் மேல் குறைந்திருந்தார்கள். மதராஸ் கடற்கரையில் கப்பலில் வந்த தானிய மூட்டைகள் குவிந்தன. ரயிலில் ஏற்றினால் பெங்களூர்வரை கொண்டுவரலாம். அதற்கு மேல்? மைசூர் ராஜ்ஜியத்துக்குள் ஒரு கஜ தூரம்கூட வேறு தண்டவாளம் கிடையாது. மாட்டுவண்டிதான் கதி. தீவனம் இல்லாமல் மாடுகள் முதலில் செத்தன. மாடு செத்த பிறகு வண்டி எதற்கு ஆகும்? தானியம் ரயிலடியில் இருக்க, ஐம்பது அறுபது மைல் தள்ளி மனிதர்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். அந்த தூரத்தை நடந்து கடந்து பெங்களூருக்கு வந்து சேர்ந்தவர்களின் எலும்புருவப் படங்கள் இன்றும் ஆவணக் காப்பகங்களில் இருக்கின்றன. அவற்றை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

பஞ்சம் இருந்தாலும் அதே ரயில் தானியத்தை விலை அதிகம் கிடைக்கும் இடத்துக்கு இழுத்துக்கொண்டு போனது என்று வரலாற்றாசிரியர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. பாதை என்பது இரு திசையிலும் ஓடும். வாங்கக் காசில்லாதவன் ஊரில் எந்தத் தண்டவாளமும் தானாகச் சோறு போட்டுவிடாது. ஆனாலும் மைசூரின் நிர்வாகிகளுக்குப் பஞ்சம் கற்பித்த பாடம், ரயில் கன்டோன்மென்டோடு நின்றது பெரும் பிழை என்பதுதான். பஞ்ச நிவாரண வேலையாகவே பெங்களூர்–மைசூர் பாதைக்கு மண் வெட்டத் தொடங்கினார்கள். பசியில் ஒடுங்கிய கைகள் கொட்டிய மண்கரையின் மேல்தான் அந்தத் தண்டவாளம் படுத்தது. 1881இல் ஆங்கிலேயர் நிர்வாகம் முடிந்து மன்னராட்சி திரும்ப வந்தபோது திவானாக இருந்த சி. ரங்காசார்லு, செங்கல்பட்டு மாவட்டத்துக்காரர், ரயிலும் தொழிலும் இல்லாமல் நாடு பிழைக்காது என்பதில் உறுதியாக இருந்தார். 1882 பிப்ரவரியில் பாதை மைசூரைத் தொட்டது. அடுத்த ஆண்டு ஜனவரியில் அவர் இறந்துவிட்டார்.

இனித்தான் கேஜ் கதை வருகிறது. மதராஸிலிருந்து வந்த பாதை 1,676 மி.மீ. அகலம், ஐந்தரை அடி. டல்ஹௌசி காலத்தில் இந்தியா முழுக்க ஒரே அகலம் என்று முடிவு செய்து போட்டது. இங்கிலாந்தில் இரண்டு அகலங்கள் மோதிக்கொண்ட தொல்லையைப் பார்த்தவர்கள், இங்கே அது வேண்டாம் என்று நினைத்தார்கள். ஆனால் 1870இல் வைஸ்ராய் மேயோவின் அரசு, செலவைக் குறைக்க வேண்டும் என்று புதிய பாதைகளுக்கு மீட்டர் கேஜைத் தேர்ந்தெடுத்தது. சரியாக 1,000 மி.மீ. இந்தியா விரைவில் மெட்ரிக் அளவைக்கு மாறிவிடும் என்ற நம்பிக்கையில் எடுத்த எண் அது. மெட்ரிக் அளவை வர இன்னும் எண்பது தொண்ணூறு வருடம் ஆயிற்று. அதற்குள் ஆயிரக்கணக்கான மைல்களுக்கு மீட்டர் கேஜ் பரவிவிட்டது. மைசூர்ப் பாதையும் மீட்டர் கேஜ். பிறகு தும்கூர் வழியாக ஹரிஹர் பக்கம் போனதும், ஹிந்துப்பூர் வழியாகக் குண்டக்கல் பக்கம் போனதும் மீட்டர் கேஜ். ஆக, பெங்களூர் சிட்டி ஸ்டேஷன் தென்னிந்தியாவின் பெரிய மீட்டர் கேஜ் சந்திப்புகளில் ஒன்றாக வளர்ந்தது. ஜோலார்பேட்டையிலிருந்து வந்த ஒற்றை அகலப்பாதை மட்டும் கன்டோன்மென்டிலிருந்து நீண்டு அதன் கிழக்குப் பக்கத்தில் வந்து முட்டி நின்றது.

அரசியலும் அப்படியே பிரிந்து நின்றது. கன்டோன்மென்ட் பிரிட்டிஷ் ரெசிடென்டின் கையில். பேட்டையும் சிட்டியும் மகாராஜாவின் கையில். வரி வேறு, நகராட்சி வேறு, போலீஸ் வேறு. தமிழும் உருதும் ஆங்கிலமும் ஒருபுறம், கன்னடமும் தெலுங்கும் மறுபுறம் என்று சொன்னால் அது மிகை. இரண்டிலும் எல்லா மொழியும் இருந்தது. ஆனால் எடை எங்கே சாய்ந்தது என்பதில் சந்தேகமில்லை. அகலப்பாதை கொண்டுவந்த ஊர் ஒன்று, மீட்டர் கேஜ் வளர்த்த ஊர் ஒன்று. இரண்டும் ஒரே மாநகராட்சியாக ஆனது 1949இல்தான்.

கேஜ் மாறும் நிலையத்தில் சரக்கு எப்படிக் கடந்தது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். நீளமான ஒரு ஷெட். நடுவில் மேடை. மேடையின் ஒரு பக்கம் அகலப்பாதை வேகன், மறுபக்கம் மீட்டர் கேஜ் வேகன். பெரிய வேகனின் சரக்கு சிறிய வேகன் ஒன்றில் அடங்காது. எனவே ஒன்றைக் காலி செய்தால் இரண்டில் ஏற்ற வேண்டும், கணக்கும் இரண்டாகும். நெல் மூட்டை, வெல்லம், உப்பு, பருத்திப் பொதி, சிமென்ட், உரம் எல்லாமே மனிதர் முதுகில் ஏறி, மேடையைக் குறுக்கே கடந்து, மறுபக்கம் இறங்கும். கொக்கி குத்தி இழுத்த மூட்டையிலிருந்து சிந்தியதைக் கூட்டிப் பெருக்கி எடுக்க ஒரு கூட்டம் காத்திருக்கும். நிலக்கரி வேகன் என்றால் கூடை கூடையாக. எங்கிருந்தோ எங்கோ போகும் சரக்குக்கு இந்த ஊரில் எந்த வேலையும் இல்லை, இரண்டு தண்டவாளங்களின் அகலம் பொருந்தவில்லை என்பதைத் தவிர. லண்டனிலும் கல்கத்தாவிலும் மிச்சம் பிடித்த காசு, இங்கே கூலிக்காரனின் தோளில் சுமையாக ஏறியது. அதுவும் ஒரு நாள் இரண்டு நாள் கிடையாது, நூறு வருடத்துக்கும் மேல். பயணிகளுக்கும் கிட்டத்தட்ட இதே நிலைதான். சென்னையிலிருந்து மைசூர் போகிறவர்கள் 1990கள்வரை சிட்டி ஸ்டேஷனில் மெயிலிலிருந்து இறங்கி, பெட்டியும் படுக்கையும் குழந்தையுமாக மீட்டர் கேஜ் பிளாட்பாரத்துக்கு ஓடினார்கள்.

கோலார் தங்கவயலுக்கு, அதாவது கே.ஜி.எஃப்.க்கு, போன கிளை வேறு மாதிரி. அங்கே தங்கம் இருந்தது. ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனி 1880இல் சுரங்க வேலையைக் கையில் எடுத்தது. 1894இல் பௌரிங்பேட்டை என்று அப்போது அழைக்கப்பட்ட பங்காருப்பேட்டையிலிருந்து சுரங்கங்களுக்குக் கிளைப்பாதை வந்துவிட்டது. அது அகலப்பாதை. மைசூர் ராஜ்ஜியத்துக்குள் இருந்தும் மீட்டர் கேஜ் அல்ல. இயந்திரமும் கரியும் மரமும் மதராஸ் துறைமுகத்திலிருந்து நடுவில் எங்கும் இறங்காமல் நேராகச் சுரங்க வாசலுக்கு வரவேண்டும். தங்கம் நேராக வெளியே போக வேண்டும். சீமைக் கம்பெனியின் லாபத்துக்கு நடுவே கேஜ் மாறும் மேடை குறுக்கிடவில்லை. பஞ்சத்துக்கு வராத நேர்ப்பாதை தங்கத்துக்கு வந்தது.

கோரமண்டல், ஊரிகம், சாம்பியன், மாரிக்குப்பம். அந்தக் கிளையின் நிலையப் பெயர்களை வரிசையாகச் சொன்னாலே சுரங்கத்தின் பெயர்ப்பட்டியல் போல ஒலிக்கும். அதே பாதையில்தான் வடஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும் தலித் குடும்பங்கள் ஆயிரம் ஆயிரமாக வந்து இறங்கினார்கள். பண்ணையடிமையாக இருந்த கிராமத்தைவிட பூமிக்கு அடியில் இருக்கும் இருட்டு மேல் என்று வந்தவர்கள் அவர்கள். அங்கே தமிழ் ஒரு ஊர்மொழியானது. பௌத்தமும் அயோத்திதாசரின் எழுத்தும் அம்பேத்கரும் அந்தத் தொழிலாளிகளின் லைன் வீடுகளில் விவாதிக்கப்பட்டன. சிவசமுத்திரத்திலிருந்து 1902இல் மின்சாரம் சுரங்கத்துக்கு வந்தது, பெங்களூர்த் தெருக்களுக்கு வருவதற்கு மூன்று வருடம் முன்பே. மூன்று கிலோமீட்டருக்கும் கீழே தோண்டினார்கள். நூற்றிருபது வருடத்தில் சுமார் 800 டன் தங்கம் வெளியே போயிற்று. 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டது.

சுரங்கம் மூடினாலும் பாதை அப்படியே இருந்தது. கம்பெனி தங்கத்துக்காகப் போட்ட அந்த அகலப்பாதைதான் இன்று கே.ஜி.எஃப். மக்களின் பிழைப்பு. விடியுமுன்பே மாரிக்குப்பத்திலிருந்து வண்டிகள் கிளம்புகின்றன. பங்காருப்பேட்டைக்கு வரும்போதே உட்கார இடம் இருக்காது. அந்த வண்டியில் ஏறியவர்களுக்குத் தெரியும், அது ஒரு நடமாடும் தெரு. கதவோரம் நாலு பேர் முழங்காலில் துண்டை விரித்துச் சீட்டாடுவார்கள். மேல் பலகையில் ராத்திரி ஷிப்ட் போகிறவன்போல ஒருவன் அசந்து தூங்குவான், உண்மையில் அவன் போவது காலை ஷிப்டுக்கு. பெண்கள் மடியில் கீரையை ஆய்ந்துகொண்டே போவார்கள். கம்பியில் மாட்டிய டிபன் பைகள் ஒரே தாளத்தில் ஆடும். யார் எங்கே உட்காருவது என்பது வருடக்கணக்கில் முடிவானது. ஒருவர் வரவில்லை என்றால் மாலூர் வருவதற்குள் போன் போய்விடும்.

ஒருமுறை என் பக்கத்தில் நின்றிருந்த அம்மாவிடம் தினமும் இதே வண்டியா என்று கேட்டேன். ஒயிட்ஃபீல்டு பக்கம் ஒரு அலுவலகக் கட்டடத்தில் துப்புரவு வேலை பார்க்கிறவர்.

“வேற என்ன இருக்குது சார் அங்க? எங்க தாத்தா அண்டர்கிரவுண்டு. அப்பா மில்லுல. அவங்களுக்கு ஷிப்டுக்குச் சங்கு ஊதுவாங்க. எனக்கு இந்த வண்டிதான் சங்கு.”

“வண்டி லேட்டானா?”

“அரை நாள் சம்பளம் பிடிப்பாங்க. வண்டிய எங்கயாவது ஓரங்கட்டி நிறுத்துனா உள்ள அத்தன பேரும் கடிகாரத்தத்தான் பாப்போம்.”

ஒயிட்ஃபீல்டில் அவர் இறங்கியபோது அவரோடு பாதிப் பெட்டி காலியானது.

அந்த ஓரங்கட்டி நிறுத்துவது ஏன் என்பதையும் சொல்ல வேண்டும். தொலைதூர எக்ஸ்பிரஸ், சரக்கு வண்டி, வந்தே பாரத் எல்லாம் ஓடுவது ஜோலார்பேட்டை வழியாக வரும் அதே இரட்டைப் பாதையில். 2022 நவம்பரில் தென்னிந்தியாவின் முதல் வந்தே பாரத் சென்னைக்கும் மைசூருக்கும் நடுவே ஓடத் தொடங்கியதும் இந்தப் பாதையில்தான். வேகமான வண்டிக்கு வழிவிட வேண்டியது எப்போதும் பாசஞ்சர். கன்டோன்மென்டுக்கும் ஒயிட்ஃபீல்டுக்கும் நடுவே நாலு பாதையாக்கும் வேலை அறிவித்து எத்தனையோ பட்ஜெட் ஆகிவிட்டது.

இந்த வரலாற்றில் மக்கள் தாங்களே காசு போட்டுக் கொண்டுவந்த பாதை என்று ஒன்று உண்டு. அதன் மேல் எனக்குத் தனிப் பிரியம். 762 மி.மீ. அகலத்தில் ஒரு குட்டி ரயில். 1913இல் பௌரிங்பேட்டையிலிருந்து கோலாருக்கும், 1915 வாக்கில் பெங்களூரிலிருந்து எலஹங்கா, தேவனஹள்ளி வழியாகச் சிக்பள்ளாப்பூருக்கும் வந்தது. மாவட்ட போர்டின் பணமும் உள்ளூர்க்காரர்கள் வாங்கிய பங்குகளும்தான் மூலதனம். உருளைக்கிழங்கும் பட்டுக்கூடும் பெங்களூர்ச் சந்தைக்கு வரவேண்டும் என்று நினைத்தவர்கள் போட்டது. வண்டி மெதுவாகத்தான் போகும். ஆனால் ஒவ்வொரு கிராமத்துக்கும் நிற்கும். நந்தி மலை அடிவாரத்தில் நந்தி ஹால்ட் என்று ஒரு நிலையம் இருக்கிறது. கல் சுவர், ஓட்டுக் கூரை, ஒரு மனிதன் கையை நீட்டித் தொடக்கூடிய உயரத்தில் டிக்கெட் ஜன்னல். பாழடைந்து கிடந்த இந்தச் சின்னக் கட்டடங்கள் சிலவற்றை இன்டாக் என்ற மரபுப் பாதுகாப்பு அமைப்பு அண்மையில் பழுதுபார்த்திருக்கிறது. குட்டிப் பாதை 1990களில் தொடங்கிக் கட்டம் கட்டமாக அகலப்பாதையானது. சிக்பள்ளாப்பூர்–கோலார் துண்டு 2013இல் திறந்தது. அதே பாதை இப்போது தேவனஹள்ளி விமான நிலையத்தை உரசிக்கொண்டு போகிறது. 2021 ஜனவரியில் அங்கே ஒரு ஹால்ட் திறந்தார்கள். பத்துப் பதினைந்து ரூபாய் டிக்கெட்டில் விமான நிலையத்துக்குப் போகலாம். ஆனால் நாளைக்குச் சில வண்டிகள்தான். ஷிப்ட் வேலைக்காரர்களுக்குப் பொருந்தும் நேரத்தில் அவை வருவதில்லை. உருளைக்கிழங்குக்காக வியாபாரிகள் போட்டுத் தந்த பாதையை அதன் பக்கத்திலேயே எழுந்த ஒரு பெரிய ஊர் பயன்படுத்தத் தெரியாமல் விட்டிருக்கிறது.

மூன்று அகலங்களையும் ஒன்றாக்கியது யூனிகேஜ் திட்டம். 1992இல் அதை அறிவித்த ரயில்வே அமைச்சர் சி.கே. ஜாஃபர் ஷெரீஃப் பெங்களூர்த் தொகுதிக்காரர். கர்நாடகத்தின் மீட்டர் கேஜ் பாதைகள் அந்தப் பத்தாண்டில் வேகமாக அகலமாயின. மைசூருக்கும் ஹூப்ளிக்கும் பெட்டி மாறாமல் போக முடிந்தது. கேஜ் மாறும் மேடையில் மூட்டை சுமந்தவர்களுக்கு அந்த வேலை போயிற்று. அவர்களுக்கு யாரும் மாற்று வேலை கொடுத்ததாகத் தெரியவில்லை. இருந்தாலும் அந்த வேலை போனது நல்லது என்றே நினைக்கிறேன். மனித முதுகை ஒரு பொறியியல் குறையின் பரிகாரமாக வைத்திருந்த காலம் அத்தோடு முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. 2011 அக்டோபர் 20ஆம் தேதி பையப்பனஹள்ளிக்கும் எம்.ஜி. ரோடுக்கும் நடுவே நம்ம மெட்ரோ ஓடத் தொடங்கியது. அதன் அகலம் 1,435 மி.மீ., ஸ்டாண்டர்ட் கேஜ். இந்த ஊருக்கு வந்த நான்காவது அகலம். மீட்டர் கேஜைக் கொண்டுவந்த மேயோவின் நினைவாக 1883இல் கட்டிய மேயோ ஹாலுக்குப் பக்கத்திலேயே அந்த உயர்த்தப்பட்ட பாதை போகிறது. மெட்ரோவுக்கு வளைவு அதிகம், பெட்டி சிறிது, உலகத்தில் எங்கும் கிடைக்கும் தொழில்நுட்பம் என்று ஸ்டாண்டர்ட் கேஜுக்குக் காரணங்கள் உண்டு. ஏற்கத்தக்க காரணங்கள்தான். மெட்ரோ இந்த ஊருக்கு அவசியம் என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை. 2023 அக்டோபரில் ஒயிட்ஃபீல்டுவரை முழுதாக ஓடத் தொடங்கியபோது, ரயிலில் வந்து இறங்கும் கே.ஜி.எஃப். மக்களுக்கு அது நேரே எதிரில் இருக்கிறதே என்று மகிழ்ந்தேன். ஆனால் 2025 பிப்ரவரியில் அதிகபட்சக் கட்டணம் 60 ரூபாயிலிருந்து 90 ரூபாய் ஆனது. ரயிலின் மாத சீசன் டிக்கெட் சில நூறு ரூபாய். மெட்ரோவில் அந்தப் பணம் ஒரு வாரத்துக்குத்தான் தாங்கும். இரண்டு ஸ்டேஷனும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தும் நடுவே இப்போது இருப்பது காசின் அகலம். அந்த அம்மா மெட்ரோவில் ஏறுவதில்லை. பஸ்ஸுக்கு நிற்கிறார், அல்லது நடக்கிறார்.

ஓசூர் கதையும் இதில் சேரும். மெட்ரோவின் மஞ்சள் பாதை 2025 ஆகஸ்டில் பொம்மசந்திராவரை வந்தபோது, அதை இன்னும் கொஞ்சம் நீட்டி ஓசூருக்குக் கொண்டுபோக வேண்டும் என்று தமிழ்நாட்டுப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்தது. நம்ம மெட்ரோ மூன்றாம் தண்டவாளத்திலிருந்து 750 வோல்ட் நேர்மின்சாரம் எடுத்து ஓடுகிறது. ஓசூர்ப் பக்கத்துத் துண்டு சென்னை மெட்ரோ முறையில் என்றால் தலைக்கு மேல் கம்பியில் 25 கிலோவோல்ட் மாறுமின்சாரம். இரண்டையும் ஒட்டவைப்பது சாத்தியமில்லை என்ற பேச்சில் அது சிக்கி நிற்கிறது. மாநில எல்லை, நிர்வாகம், மின்னழுத்தம் மூன்றும் ஒரே கோட்டில் வந்து விழுந்திருக்கின்றன. சிட்டி ஸ்டேஷன் மேடையில் 1882இல் நடந்ததை எல்லையோர அத்திப்பள்ளியில் மீண்டும் நடத்த ஒப்புக்கொண்டுவிடுவார்களோ என்று எனக்குக் கவலையாக இருக்கிறது. தினமும் அந்த எல்லையைக் கடக்கும் ஆலைத் தொழிலாளிகளிடம் யாரும் கேட்டதில்லை.

ரயில் வந்தவர்களைத் திருப்பிக்கொண்டு போன நாட்களும், இருந்தும் இல்லாமற்போன நாட்களும் இந்த ஊரில் உண்டு. 1991 டிசம்பரில் காவிரிக் கலவரத்தின்போது, நூறு வருடத்துக்கு மேல் தங்களைக் கொண்டுவந்த திசையிலேயே தமிழ்க் குடும்பங்கள் ரயிலிலும் பஸ்ஸிலுமாகத் திரும்பிப் போனார்கள். 2020 மே மாதம் ஊரடங்கில் பீகாரி, ஒடியத் தொழிலாளிகள் ஊர் திரும்பச் சிறப்பு ரயில்கள் ஓடத் தொடங்கியிருந்தன. கட்டுமான நிறுவனங்களோடு பேசிய பிறகு, அந்த ரயில்கள் வேண்டாம் என்று மாநில அரசு ரயில்வேக்கு எழுதியது. கட்டட வேலைக்கு ஆள் வேண்டுமாம். பலர் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு நடக்கத் தொடங்கினார்கள். கண்டனம் எழுந்து இரண்டு மூன்று நாளில் முடிவு மாறியது. ஆனால் தண்டவாளம் இருக்க, பெட்டி இருக்க, போக வேண்டிய மனிதன் பிளாட்பாரத்துக்கு வெளியே நின்ற அந்த நாட்கள் எனக்குப் பஞ்சகாலத்து ரயிலடியை நினைவுபடுத்தின. அங்கே மாடு செத்ததால் தானியம் நின்றது. இங்கே ஒரு கடிதத்தால் மனிதர்கள் நிறுத்தப்பட்டார்கள்.

புறநகர் ரயில் வேண்டும் என்று இந்த ஊரில் பேசத் தொடங்கி நாற்பது வருடம் ஆகிவிட்டது. 2022 ஜூன் மாதம் அடிக்கல் நாட்டினார்கள். நான்கு பாதைகள், மொத்தம் 148 கிலோமீட்டர், சம்பிகே, மல்லிகே, பாரிஜாதா, கனகா என்று பூப்பெயர்கள். நாற்பது மாதத்தில் முடிப்பதாக மேடையில் சொன்னார்கள். அந்த நாற்பது மாதமும் ஓடிப்போயிற்று. நல்ல செய்தி என்றால் இது அகலப்பாதை, இருக்கும் ரயில் பாதையோடு ஒரே குடும்பம். கெட்ட செய்தி, பாரிஜாதா பாதை கெங்கேரியிலிருந்து வந்து ஒயிட்ஃபீல்டோடு நின்றுவிடுகிறது. கனகா ஹீலலிகேவில் நிற்கிறது, ஓசூருக்கு இந்தப் பக்கமே. மாலூரும் பங்காருப்பேட்டையும் மாரிக்குப்பமும் வரைபடத்தில் இல்லை. இந்த ஊரின் துப்புரவையும் காவலையும் சமையலையும் கட்டடத்தையும் தோளில் தாங்குகிறவர்கள் எந்த ஊர்களில் தூங்குகிறார்களோ, அந்த ஊர்களுக்குச் சற்று முன்னால் பாதை முடிகிறது.

மாரிக்குப்பத்திலிருந்து குப்பத்துக்கு ஒரு புதிய இணைப்புப் பாதை வேலை பல வருடமாக நடந்துகொண்டிருக்கிறது. முடிந்தால் சென்னை போகும் சரக்கு வண்டிகளுக்கு ஒரு மாற்றுவழி கிடைக்கும் என்கிறார்கள். கிடைக்கட்டும். ஆனால் அதற்குக் காத்திருக்காமல் செய்யக்கூடியது ஒன்று உண்டு. காலை நான்கிலிருந்து ஒன்பதுவரை மாரிக்குப்பத்திலிருந்து கன்டோன்மென்டுக்கு அரைமணிக்கு ஒரு வண்டி, மாலை அதேபோல் திரும்ப. ஒயிட்ஃபீல்டில் இறங்கினால் அதே சீசன் டிக்கெட்டில் மெட்ரோவில் நாலு ஸ்டேஷன் போக அனுமதி. ஓரங்கட்டி நிறுத்த வேண்டி வந்தால் ஒரு நாளாவது எக்ஸ்பிரஸை நிறுத்திவிட்டு அந்த பாசஞ்சரை முதலில் விடலாம்.